ஆறாவது காயம்

சங்குமேட்டுத்துறைக் கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் ஆண்டவருக்குக் காய்ச்சல் வந்தது ஒரு தவக்காலத்தில், விபூதிப் புதனுக்கு இட்ட சாம்பலை ஊரில் எல்லோரும் நெற்றியிலிருந்து கழுவி முடித்து, இனி ஈஸ்டர் வரை இறைச்சி கிடையாது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்த சமயத்தில். ஆள் உயரத் தேக்குமர ஆண்டவர் அவர். தோளில் தோல்வார் வைத்திருப்பதால் இரண்டு கையும் மடங்கும். பெரிய வெள்ளியன்று அவரைச் சிலுவையில் அறைந்து, மாலையில் இறக்கி, தூம்பா என்று ஊர் சொல்கிற அந்தப் பெட்டியில் கிடத்தி, கடற்கரைத் தெருவெல்லாம் தோளில் சுமந்து வந்து பக்கப் பீடத்துக்கு அடியில் வைத்துவிட்டால், மறுவருஷம் பெரிய வெள்ளி வரை அவர் மல்லாந்த கிடையாகவே கிடப்பார். அப்படிக் கிடந்தவரைத் தூசு துடைக்கலாம் என்று உபதேசியார் தொம்மை பெட்டியைத் திறந்தபோது கை சுட்டது.

உபதேசியார் என்றால் பங்குச்சாமிக்கு அடுத்தபடி கோயிலில் எல்லாம் அவர்தான். மணி அடிப்பது, ஜெபம் சொல்வது, பூனையை விரட்டுவது வரை. அவர் புறங்கையை ஆண்டவரின் நெற்றியில் வைத்துப் பார்த்தார், பிறகு தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார், சந்தேகம் தீர இன்னொரு முறை ஆண்டவரின் கழுத்தில் வைத்துப் பார்த்தார், அப்புறம் நேரே பங்குச்சாமி குடியிருக்கும் அறைவீட்டுக்குப் போனார்.

"சாமி, ஆண்டவருக்கு மேலுக்குச் சரியில்ல."

பங்குச்சாமி அமலநாதர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "எப்போலயிருந்து?" என்று கேட்டார்.

மருந்தகம் நடத்தும் சிஸ்டர் ரெஜினாவைக் கூட்டி வந்தார்கள். சிஸ்டர் தெர்மாமீட்டரை உதறி மர அக்குளில் வைத்து, நூற்றிரண்டு என்றார். பிறகு நாலு பேரை விட்டு அவரைப் புரட்டச் சொன்னார். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், தேக்கு கன்றிச் சிவந்து, தோல் விட்டு, ஈரமாகக் கிடந்தது. "படுக்கைப்புண்," என்றார் சிஸ்டர். "ஒரே கிடையா கெடந்தா மரமானாலும் வரத்தான் செய்யும்."

இதில் அதிசயப்பட ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. எத்தனை தலைமுறையாக அவரைக் குனிந்து முத்தமிட்டு முத்தி செய்திருக்கிறோம், பன்னீர் தெளித்திருக்கிறோம், பட்டு போர்த்தியிருக்கிறோம், ஒரு தடவையாவது திருப்பிப் போட்டோமா என்று ஆண்கள் கரையேற்றிய வள்ளங்களின் மேல் உட்கார்ந்து தங்கள் தகப்பன்மாரைத் திட்டினார்கள். தகப்பன்மார் எல்லோரும் கல்லறையில் இருந்ததால் அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை.

உடனே முறை வைத்தார்கள். தெருவுக்கொரு ஜெபக்கூட்டம் உண்டு, அன்பியம் என்று பெயர். அன்பியம் அன்பியமாக வந்து ஆண்டவரைத் திருப்பிப் போட வேண்டும், புண்ணைத் துடைத்து மருந்து வைக்க வேண்டும், விசிற வேண்டும் என்று ஈஸ்டர் வரைக்கும் பட்டியல் எழுதிக் கோயில் கதவில் ஒட்டினார்கள். கண்ணாடி மூடியைக் கழற்றிக் கொசுவலை கட்டினார்கள். நகரத்திலிருந்து தண்ணீர் மெத்தை தருவிக்க ஆள் அனுப்பினார்கள். நோயாளிக்கு நல்லது என்று கடற்கரைத் தெருப் பெண்கள் பால்சுறாப் புட்டு அவித்துக்கொண்டு வந்து தலைமாட்டில் வைத்தார்கள், அவர் வாய் திறக்காததால் வீணாகிவிடக் கூடாதே என்று தாங்களே சாப்பிட்டார்கள், மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அவித்தார்கள். எல்லோருக்கும் ஒரே கவலை பெரிய வெள்ளியைப் பற்றித்தான். அதற்குள் அவர் உடம்பு தேறிவிட வேண்டும், தேறினால்தான் சிலுவையில் அறைய முடியும், காய்ச்சலும் புண்ணுமாகக் கிடக்கிறவரை ஆணியில் ஏற்றுவது மனுஷர் செய்கிற காரியமில்லை என்று ஊர்க்கூட்டத்தில் ஒருமனதாக முடிவாயிற்று.

அந்தக் கூட்டத்துக்குப் போகாதவள் கித்தேரி ஒருத்திதான். கோயிலுக்குப் பின்புறம், வலைக்கூடத்தை ஒட்டி அவள் வீடு. கோயில் மணி அவள் அடுப்பங்கரையில் வந்து விழும், ஆனால் அவள் அந்த வாசலை மிதித்து இரண்டு ஈஸ்டர் போய்விட்டது. அவள் புருஷன் கஸ்பார், வடம் அறுந்து சரிந்த வள்ளத்துக்கு அடியில் சிக்கி, இடுப்பெலும்பு நொறுங்கி, நாலு வருஷமாக நைலான் நாடா கட்டிலில் கிடந்தான். அவனுக்கும் முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் புண். அதற்கு அவள் வேப்பிலை வேகவைத்த தண்ணீரால் துடைத்து, மருந்து வைத்து, இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று புரட்டிப் புரட்டிப் போட்டு, அவன் முனகலுக்கு விழித்து, விழித்த கண்ணோடு விடியலைப் பார்த்து நாட்களை ஓட்டினாள்.

முதல் வருஷம் ஊர் வரத்தான் செய்தது. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து, கட்டில் பக்கம் போகாமல் கதவோரம் நின்று, இது ஆண்டவர் குடுத்த சிலுவை, தாங்குறவங்களுக்குத்தான் குடுப்பாரு என்று சொல்லிவிட்டுப் போனது. இரண்டாம் வருஷம் பழமும் பாட்டிலும் நின்றுபோயின, சிலுவை மட்டும் நிற்கவில்லை. தெருவில் மீன் கூடையோடு போகிறவர்கள்கூட வாசலில் நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஒருநாள் அடுத்த வீட்டுத் தெக்லா வந்து, "ஆண்டவர் யார ரொம்ப நேசிக்கிறாரோ அவங்களுக்குத்தான் பெரிய சிலுவை, கித்தேரி," என்றாள்.

"அப்போ ஒங்க மேல அவருக்குப் பிரியமே இல்லபோல, மைனி," என்றாள் கித்தேரி.

அதற்குப் பிறகு யாரும் அவளிடம் சிலுவையைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

அவள் ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. அவனை எழுப்பி நடக்க வை என்றுகூடக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். இது எதுக்கு? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் கேட்டாள். பங்குச்சாமியிடமும் கேட்டாள். அது மனுஷ புத்திக்கு எட்டாத காரியம் அம்மா என்றார் அவர். "எட்டாதுன்னு ஒங்களுக்கு எப்படிச் சாமி தெரிஞ்சது, எட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தவள்தான், பிறகு கோயில் பக்கம் தலைவைக்கவில்லை.

ஆண்டவருக்குக் காய்ச்சல் கண்ட அன்று காலையில் கஸ்பார் கண்ணைத் திறந்து, "ஏளா, இன்னைக்கு வலிக்கல," என்றான். அவள் நம்பாமல் புரட்டிப் பார்த்தாள். புண் வறண்டு, மேலே இளந்தோல் ஓடியிருந்தது. மத்தியானம் அவன் மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டான். சாயங்காலம், தன் மேல் விழுந்த வள்ளத்தின் சொந்தக்காரன் எப்படி முதலில் ஓடிவந்து வள்ளத்துக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தான் என்பதை நடித்துக் காட்டி, அவளைச் சிரிக்க வைத்தான். ராத்திரி தூங்கினான். அவன் தூங்கியதால் அவளும் தூங்கினாள். ஆண்டவருக்கு நன்றி சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை, அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அப்படியே சுகமாக நாட்கள் போயின. தண்ணீர் மெத்தை வந்து இறங்கிய மறுநாள் கஸ்பாரின் முதுகு மறுபடி சிவந்தது. "ஆண்டவருக்கு இன்னைக்கு எவ்வளவோ தேவல," என்று தெக்லா தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போன அன்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மேலத்தெரு அன்பியத்தார் டிவித் தொடர் பார்த்துக்கொண்டிருந்து முறையைத் தவறவிட்டு, ஆண்டவருக்குக் காய்ச்சல் ஏறிப்போன அன்று இவன் பாட்டுப் பாடினான். இப்படி இரண்டு மூன்று முறை ஆனதும் கித்தேரி சேலை முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனாள்.

ஆண்டவரை அப்போது ஒருக்களித்துப் போட்டிருந்தார்கள். அவள் கொசுவலையைத் தூக்கிப் பார்த்தாள். முந்திரிக்கொட்டை வடிவில் ஒரு புண், இடது கோடியில் சின்னதாக ஒரு வால். தன் முகத்தைவிட அவளுக்குப் பழக்கமான புண் அது. அது அவள் வீட்டுப் புண்.

அன்றே முறையில் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னாள். மத்தியான நேரம் எல்லோருக்கும் சமையல் வேலை இருப்பதால் அது அவளுக்கு எளிதாகக் கிடைத்தது. கித்தேரி திரும்பி வந்துவிட்டாள் என்று ஊர் பூரித்துப்போயிற்று. பங்குச்சாமி ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் காணாமல்போன ஆட்டைப் பற்றிப் பேசினார், எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஆடு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

மத்தியானத்தில் அவள் செய்தது இதுதான்: ஆண்டவரை அவருடைய புண்ணின் மேலேயே மல்லாக்கப் போட்டுவிட்டு, தண்ணீர் மெத்தையின் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

"நீரு ஆண்டவர், ஒமக்குத் தாங்கும்," என்பாள். "அவுக மனுசன். நாலு வருசமாச்சு. நீரு கொஞ்ச நாள் வச்சிக்கிடும்."

அடுத்த முறைக்காரர்கள் வந்து பார்த்தால் காய்ச்சல் ஏறியிருக்கும். மெத்தையில் எங்கேயோ ஓட்டை என்றார்கள், எதிர்காற்று என்றார்கள், புட்டில் பூண்டு கூடிப்போயிற்று என்றார்கள். குருத்தோலை ஞாயிறு வந்து, ஓலையோடு பவனி போனவர்கள் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு வந்து தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டில் கஸ்பார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான்; முதுகில் தோல் மூடிக் கிடந்தது. கித்தேரிக்கு இதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தோடுதான் தினமும் மத்தியானம் கோயிலுக்குப் போனாள்.

பெரிய வாரத்தின் புதன்கிழமை அவளுக்கு அந்த வாடை அடித்தது. படுக்கைப்புண் உள்ளே இறங்கும்போது வரும் வாடை, அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. அவள் கை தானாக எழுந்தது. அவள் அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். இன்னொரு கை எழுந்தது, அதையும் அப்படியே செய்தாள். கஸ்பாராவது முனகுவான், கத்துவான், அவளையும் அவள் தகப்பனையும் திட்டுவான். திட்டுகிற ஆளோடு மல்லுக்கட்டலாம். இவர் வாயைத் திறக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, அவள் எப்படிப் போட்டாளோ அப்படியே கிடந்தார். நாலு வருஷமாகப் புரட்டிப் போட்டுப் பழகிய கை கேட்கவில்லை. அவள் எழுந்து, அவர் தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, அலுங்காமல் ஒருக்களித்துப் போட்டு, புண்ணைத் துடைத்து, துடைக்கத் துடைக்க அழுதாள்.

"வாயத் தொறந்து ஒரு சத்தமாவது போடக் கூடாதா? எம் புருசன் புண்ண வாங்கி வச்சிக்கிட்டு இப்படியா மூச்சுக் காட்டாம கெடப்பீரு? நான் வேணும்னேதானே ஒம்ம மல்லாக்கப் போட்டேன், தெரியலயா?"

அடுத்த முறைக்கு வந்து நின்ற தெக்லா இதைக் கேட்டுவிட்டாள். தெக்லா கேட்டது ஊர் கேட்டது.

கோயிலுக்குள்ளேயே கூட்டம் போட்டார்கள். கித்தேரியை யாரும் ஏசவில்லை, அதற்கு நேரமில்லை. நாளை மறுநாள் பெரிய வெள்ளி. ஆண்டவர் தாங்குவார், தாங்கத்தானே வந்தார், அவர் வைத்துக்கொள்ளட்டும், இந்த வருஷம் சிலுவையில் அறையாமல் விட்டுவிடுவோம் என்றார் உபதேசியார். அறையாத பெரிய வெள்ளி எந்த ஊரிலாவது உண்டா, அப்புறம் ஈஸ்டர் எப்படி வரும் என்று வள்ளக்காரர்கள் எழும்பினார்கள். அப்போ ஆண்டவரைக் குணமாக்கிவிடுவோம், கஸ்பார் பாடு... என்று ஒருவர் ஆரம்பித்து, முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆண்டவருக்குத் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கு," என்றாள் கித்தேரி. "அவுகளுக்கு யாரு இருக்கா?"

எல்லோரும் பங்குச்சாமியைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியலம்மா," என்றார் அவர். அவர் சொன்னதில் கித்தேரிக்குப் பிடித்த முதல் வார்த்தை அது. கடைசியில், புண்ணின் சொந்தக்காரனையே கேட்டுவிடலாம் என்று சிஸ்டர் ரெஜினா சொன்னார். அவனைக் கேட்கலாம் என்று அதுவரை யாருக்கும், கித்தேரிக்கும்கூட, தோன்றியிருக்கவில்லை. கூட்டம் அப்படியே எழுந்து அவள் வீட்டுக்கு நடந்தது. மூன்று வருஷமாக உள்ளே போகாத வீடு என்பதால் செருப்பை எங்கே விடுவதென்று பலருக்குத் தெரியவில்லை.

கஸ்பார் முழுவதையும் கேட்டான். வலையைக் கீழே வைத்தான்.

"எம் புண்ணா? அவருக்கா?"

"ஆமாப்பா," என்றார் பங்குச்சாமி.

"வால் இருக்கா, இடது பக்கம்?"

"இருக்கு," என்றாள் கித்தேரி.

அவன் பங்குச்சாமி பக்கம் திரும்பினான். "அவருக்குத்தான் ஏற்கனவே அஞ்சு காயம் கெடக்கே, சாமி," என்றான். "ஆறாவதா என்னதுமா? திருப்பிக் குடுத்திரச் சொல்லுங்க."

கித்தேரிக்கு வந்த ஆத்திரத்தில் ஊரே நிற்கிறது என்பதும் மறந்துபோயிற்று. "திருப்பி வாங்கி என்ன செய்யப் போறீங்க? யாரு கெடந்து கத்தப் போறா? யாரு முழிச்சிருக்கப் போறா? நான் பாவத்தக் கட்டிக்கிட்டது யாருக்காவ?"

"தெரியும்ளா. எனக்காவத்தான்." அவன் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். "நாலு வருசமா இந்த வலிய எனக்குச் சொல்லத் தெரியல. கடுக்குதுன்னேன், எரியுதுன்னேன், எதுவும் சரியான வார்த்த இல்ல. ஒனக்கேகூடத் தெரியாது, நீ வெளியில இருந்துதான பாத்த. இப்பம் ஒருத்தருக்கு நான் சொல்லாமலே தெரியும். அதுக்குள்ளயே கெடந்து பாத்துட்டாரு. இனி வலிச்சா, ஒமக்குத் தெரியும்லான்னு கேக்கலாம்."

"அது போதுமா ஒங்களுக்கு?"

"போதாதுதான்," என்றான். "ஆனா முந்தி அதுவும் இல்லல்லா."

வியாழக்கிழமை கித்தேரி யாரையும் கிட்டே விடாமல் ஆண்டவருக்குத் தானே மருந்து செய்தாள். வேப்பிலைத் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுபோய்த் துடைத்து, தேன் தடவி, கஸ்பாருக்குச் செய்கிற எதையும் குறைக்காமல் செய்து, நேரத்துக்கு நேரம் திருப்பிப் போட்டாள். வெயில் தாழும்போது நெற்றி குளிர்ந்திருந்தது. அவள் வீட்டுக்கு ஓடினாள். கஸ்பார் போர்வை முனையைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

அன்றைக்கு முறை கடற்கரைத் தெரு அன்பியத்துக்கு. அவர்கள் கோயிலுக்கு வந்து பார்த்தால் நோயாளி குணமாகிக் கிடக்கிறார். பட்டியலோ ஈஸ்டர் வரைக்கும் எழுதி ஒட்டியிருக்கிறது, மெத்தையும் ஈஸ்டர் வரைக்கும் என்று சொல்லி வாங்கியது, புட்டும் அவித்தாகிவிட்டது. வெறுமனே வீட்டுக்குத் திரும்புவது அவர்களுக்கு நன்றாகப் படவில்லை. மெத்தையைச் சுருட்டி இரண்டு பேர் தலையில் தூக்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள், கோயிலைச் சுற்றிக்கொண்டு கித்தேரி வீட்டுக்குள் நுழைந்தார்கள். யாரும் சிலுவை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. தெக்லா அவனைப் புரட்டத் தெரியாமல் புரட்டி, அவன் திட்டிய திட்டுக்கு வாயைத் திறக்காமல், கித்தேரி காட்டிக் கொடுத்தபடி மறுபடி புரட்டினாள். கஸ்பார் புட்டைச் சாப்பிட்டான். இத்தனை நாள் அவித்ததில் நோயாளி வாயில் போன முதல் புட்டு என்று கடற்கரைத் தெருவுக்கு ரொம்பப் பெருமை. கித்தேரி கதவோரம் சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள், யாரும் அவளை எழுப்பவில்லை.

பெரிய வெள்ளியன்று, நல்ல சுகத்தோடு இருந்த ஆண்டவரை ஊர் முறைப்படி சிலுவையில் அறைந்தது. மாலையில் இறக்கித் தூம்பாவில் கிடத்தினார்கள். இரண்டு கை, இரண்டு கால், விலா என்று ஐந்து காயங்களையும் முத்தி செய்ய ஜனம் வரிசையில் வந்தது. கித்தேரியும் வந்தாள். ஐந்தையும் முத்தி செய்தாள். பிறகு பழக்கதோஷத்தில், காய்ச்சல் இருக்கிறதா, மெத்தை ஈரமாயிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, அவர் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். குளிர்ந்த மரம். ஈரமில்லை. புண்ணில்லை. ஆனால் விரலுக்கு அடியில் ஒரு மேடு தட்டுப்பட்டது, முந்திரிக்கொட்டை அளவில், இடது கோடியில் சின்னதாக வால் வைத்து. வலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் தழும்பை வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கையை எடுக்காமல் நின்றாள். இது எதுக்கு என்ற கேள்விக்கு அப்போதும் பதில் வரவில்லை. வரும் என்றும் அவள் நினைக்கவில்லை. அவர் மேல் இருந்த கோபமும் அப்படியேதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில், இத்தனை வருஷமாகக் கஸ்பார் ஒருவன் மேல் மட்டும் இருந்த பிரியம் இவர் மேலும் வந்துவிட்டது, அவ்வளவுதான். பின்னால் வரிசை தேங்கி, உபதேசியார் இரண்டு முறை இருமிப் பார்த்தார். அவள் குனிந்து, தன் விரலை முத்தி செய்து, அந்த விரலை மறுபடி அடியில் கொடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற தெக்லா, இதுவும் ஒரு முறை போலிருக்கிறது என்று அப்படியே செய்தாள். தெக்லாவுக்குப் பின்னால் வந்தவர்களும் செய்தார்கள்.

கஸ்பார் அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தான். புண் ஆறும், திறக்கும், மறுபடி ஆறும். வலி கூடுகிற நேரத்தில் கோயில் பக்கத்துச் சுவரைப் பார்த்து, "தெரியும்லா?" என்று கேட்பான். ஈஸ்டருக்குப் பிறகும் யாரும் பட்டியலைக் கிழிக்காததால் அன்பியங்கள் வந்துகொண்டே இருந்தன. அவன் போன அன்று அவனைக் குளிப்பாட்டியவர்கள் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, புண் சுத்தமாக ஆறியிருக்கிறது என்று கித்தேரியிடம் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள். பட்டியல் இன்னும் கோயில் கதவில்தான் இருக்கிறது. யாராவது படுக்கையில் விழுந்தால் வீட்டை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள்.

ஆண்டுக்கொருமுறை மறைக்கல்வித் தேர்வில், ஆண்டவருடைய திருக்காயங்கள் எத்தனை என்று ஒரு கேள்வி வரும். சங்குமேட்டுத்துறைப் பிள்ளைகள் ஆறு என்று எழுதுவார்கள். எங்கேயோ உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறவர்கள் அதைச் சிவப்பு மையால் அடித்து ஐந்து என்று எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்து அனுப்புவார்கள். பிள்ளைகள் அழுதுகொண்டே தாளைக் கொண்டுவந்து கித்தேரியிடம் காட்டுவார்கள். அவள் கண்ணைச் சுருக்கி அதைப் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"திருத்துன ஆளு கைய உட்டுப் பாத்தாராமா?"